போஸ்டர் தாளில் கொலாஜ்: மார்க் பிராட்ஃபோர்டைப் பார்த்து, நம்மூர்த் தாளில் செய்ய ஒரு முழு வழிகாட்டி

கொலாஜ், அதாவது தாள் துண்டுகளை ஒட்டிப் படம் செய்யும் கலை, அதைச் செய்ய ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் செய்கிற வேலை, போனில் நூறு படங்களைச் சேமித்து வைப்பதுதான். அப்புறம் அதில் ஒன்றைப் பார்த்து அப்படியே செய்ய உட்கார்ந்தால் அந்த அமெரிக்கப் பத்திரிகைத் தாளும் இங்கே கிடைக்காது, அந்த நிறமும் வராது, அரை மணி நேரத்தில் கத்தரிக்கோல் மேசைக்குள் போய்விடும். படம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது இருக்கட்டும். அந்தத் தாள் அந்தக் கலைஞரின் கைக்கு எங்கிருந்து வந்தது, வந்த தாளை அவர் என்ன பாடுபடுத்தினார், இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும். மீதியை உங்கள் ஊர் கொடுக்கும், அதுவும் புதுச்சேரி, கடலூர் பக்கம் என்றால் தாராளமாகவே கொடுக்கும்.

1. ஒரே ஒருவரைப் பிடியுங்கள்

பத்துப் பேரை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒருவரோடு ஒரு மாதம் இருப்பது நல்லது. இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்கக் கலைஞர் மார்க் பிராட்ஃபோர்டை. 1961-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அவருடைய அம்மா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், இவரும் அங்கே முடி அலங்கார வேலை செய்தவர்தான். முடியைச் சுருட்டும்போது நுனியில் மடித்துவைக்க மெல்லிய, கண்ணாடி போன்ற சின்னச் சின்னத் தாள்கள் உண்டு. கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்த அந்தத் தாள்களின் ஓரத்தைக் கருக்கி, வரிசை வரிசையாக ஒட்டித்தான் தன் ஆரம்பகாலப் படைப்புகளைச் செய்தார். பெயிண்ட் வாங்கப் பணம் இல்லாதபோது கையில் இருந்தது அதுதான். பிறகு தெருவுக்கு வந்தார். தெற்கு லாஸ் ஏஞ்சலஸின் வேலிகளிலும் சுவர்களிலும் ஒட்டியிருக்கும் சின்ன வியாபார விளம்பர போஸ்டர்களை, உடனடிப் பணம், வீடு வாங்குகிறோம், டி.என்.ஏ. சோதனை என்று அழைக்கும் அதே போஸ்டர்களைப் பிய்த்து எடுத்துவந்து, அடுக்கடுக்காக ஒட்டி, நடுவே கயிறு வைத்து, மேலே மெஷினால் தேய்த்து அடியில் இருப்பதை வெளியே கொண்டுவந்தார். பார்த்தால் வானத்திலிருந்து எடுத்த நகரத்தின் படம் மாதிரி இருக்கும். 2009-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மெக்ஆர்தர் நிதிநல்கை, 2017-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவின் பிரதிநிதி. “குப்பைப் பேப்பரை ஒட்டி என்ன ஆகப்போகிறது” என்று கேட்கும் அப்பாக்களுக்காக ஒரு தகவல்: அவருடைய ஒரு படைப்பு 2018-இல் லண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டாலருக்குப் போனது. அதைச் சொல்லிவிட்டு அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள், நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

உருவம் தெரியாத படம் எனக்கு ஒத்துவராது என்பவர்கள் மேற்கு வங்கத்தின் ஷகீலாவைத் தேடிப் பாருங்கள். காய்கறி விற்ற அம்மாவின் மகள், தாள் பை ஒட்டிக்கொண்டிருந்தவர், ஓவியர் பி. ஆர். பனேசரின் ஊக்கத்தால் கொலாஜுக்கு வந்தவர். கிழித்த தாளை ஒட்டியே காய்கறி, பெண்கள், வீடு, தெய்வம் என்று எல்லாம் செய்வார். கீழே சொல்லப்போகும் முறை அவருக்கும் அப்படியே பொருந்தும், படிகளில் மட்டும் சின்ன மாற்றம் வரும்.

2. படத்தைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள்

பிராட்ஃபோர்டின் ஒரு படைப்பைக் கணினியில் பெரிதாகத் திறந்து வையுங்கள். போன் திரை போதாது, ஏனென்றால் விஷயம் எல்லாம் ஓரங்களில் இருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் உள்ள படங்களை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு, எது மேலே, எது கீழே, எது முதலில் ஒட்டியது, எது கடைசியில் கிழித்தது என்று துப்பறியும் வேலை மாதிரி பாருங்கள்.

நோட்டில் “அழகு”, “சோகம்”, “நகரம்” என்றெல்லாம் எழுத வேண்டாம். அவர் கை செய்த காரியங்களை மட்டும் எழுதுங்கள்: ஒட்டினார், நனைத்தார், கயிறு வைத்தார், மூடினார், இழுத்தார், தேய்த்தார், வெளுக்கவைத்தார், கருக்கினார். இந்த எட்டுக் காரியங்கள் போதும். இதில் எதற்கும் அமெரிக்கா போக வேண்டியதில்லை.

அப்புறம் அவர் எதை விட்டார் என்றும் பாருங்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. போஸ்டரில் இருந்த படங்கள் பெரும்பாலும் அடையாளமே தெரியாமல் போயிருக்கும். எழுத்து அரைகுறையாக, தொலைபேசி எண்ணின் பாதி மட்டும் எட்டிப்பார்க்கும். செய்தி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, அந்தத் தாள் தெருவில் பட்ட பாட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார்.

3. உங்கள் தாள் எது?

எல்லாமே இந்தப் படியில்தான் இருக்கிறது, அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். பிராட்ஃபோர்டுக்கு முடிக்கடைத் தாள் என்றால் உங்களுக்கு எது? அப்பா மளிகைக் கடை வைத்திருந்தால் பொட்டலத் தாளும் கடன் நோட்டும். அம்மா தையல் வேலை என்றால் பிளவுஸ் அளவு எழுதிய நோட்டு, துணியோடு வந்த அட்டை. மருந்துக்கடையில் வேலை செய்கிறீர்கள் என்றால் மாத்திரை போடும் காக்கி உறை. வீட்டில் எந்தத் தாள் சும்மா கிடந்து எரிச்சலைக் கிளப்புகிறதோ அதுதான் பெரும்பாலும் சரியான தாள்.

அப்படி எதுவும் இல்லை என்றால் வெளியே போங்கள். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் கூடும் சந்தையில் பழைய புத்தகம், நோட்டு என்று கிளறினால் ஏதாவது சிக்கும். அச்சகம் தெரிந்தவர்களுக்கு யோகம். ஆஃப்செட் மெஷினை ஓட்ட ஆரம்பிக்கும்போது மை சரியாக விழும்வரை ஓட்டிப் பார்க்கும் கழிவுத் தாள் ஒன்று இருக்கிறது. அதையே திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டுவதால் ஒரே தாளில் காதணி விழா அழைப்பிதழ், அதன் மேல் ஏதோ டிராவல்ஸின் பில் புக், அதன் மேல் தலைகீழாக ஒரு வேட்பாளரின் கும்பிட்ட கை. நாம் மெனக்கெட்டு அடுக்க வேண்டியதை மெஷினே அடுக்கித் தந்திருக்கும். கேட்டால் சிரித்துக்கொண்டே கட்டாகத் தூக்கிக் கொடுப்பார்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

கடை பில், மெஷின் பஸ் டிக்கெட் இதையெல்லாம் தூக்கிப் போடாதீர்கள். இவை பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் தாள். சூடான கரண்டியின் முதுகால் மெல்லக் கோடு இழுத்தால் கருங்கோடு விழும். பிராட்ஃபோர்ட் ஓரத்தைக் கருக்கியதற்குத் தீயில்லாத நம் பதில் இது. ஒரு குறை உண்டு, அந்தக் கறுப்பு நாளாக ஆக மங்கும். மங்கட்டும் என்று நினைப்பவர்கள் செய்யுங்கள், விற்க நினைப்பவர்கள் வேண்டாம்.

அடித்தாளுக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் கீழே போகும் முதல் தாளுக்கு, எஸ்.வி. பட்டேல் சாலையில் இருக்கும் அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் தொழிற்கூடத்தின் தாளைச் சொல்வேன். 1959-இல் தொடங்கியது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து வரும் தாள், நனைந்தாலும் பொறுத்துக்கொள்ளும், செய்தித்தாள் போல வருடத்தில் பழுப்பேறாது. செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகிறது. பருத்தியில் அந்தத் தொல்லை இல்லை. பூவிதழ் பதித்த தாள், பளிங்கு வண்ணத் தாள் எல்லாம் அங்கே கண்ணைப் பறிக்கும், ஆனால் அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே அழகாக இருக்கும் தாளைக் கிழிக்க யாருக்கும் மனசு வராது.

பிரெஞ்சுத் தெருவின் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அதை ஒட்டாத ஆளே இல்லை.

4. சுவரிலிருந்து எடுப்பது

போஸ்டர்தான் வேண்டும் என்றால், வடகிழக்குப் பருவமழை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தபின், பழைய போஸ்டர் சுவர்களைப் போய்ப் பாருங்கள். மைதா பசை ஊறிப்போய் ஏழெட்டு அடுக்கு ஒன்றாகச் சேர்ந்து, அட்டைக் கனத்தில், தோசை மாதிரி ஓரம் எழும்பி நிற்கும். கீழ் ஓரத்தைப் பிடித்து மெல்ல மேல்நோக்கி இழுத்தால் பாளமாக வந்துவிடும். பின்பக்கம் சுண்ணாம்பும் மணலும் ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டிவிடாதீர்கள், சில சமயம் முன்பக்கத்தைவிட அதுதான் நன்றாக இருக்கும். பாரிஸில் ஜாக் வில்லெக்லே என்பவர் 1949-லிருந்து இப்படிச் சுவரில் கிழிந்த போஸ்டர்களை எடுத்து, எடுத்தபடியே படைப்பாக வைத்தார். அதுவும் ஒரு வழி.

சில மரியாதைகள். நேற்று ஒட்டிய போஸ்டரைத் தொடாதீர்கள், ஒட்டியவர் கூலிக்கு ஒட்டியது. கட்சி போஸ்டர் பக்கமே போகாதீர்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நம் ஊர்ச் சுவர்களில் பாதியை நிரப்பியிருக்கிறது, அதை எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, வெயில் மழையில் தானே உரிந்து தொங்கினால் எடுக்கலாம் என்பது என் கருத்து, அப்போதும் முகத்தையும் பெயரையும் சுவரிலேயே விட்டுவிட்டு, அந்த ஊதா, கறுப்பு ஓரங்களை மட்டும். வீட்டுச் சுவர் என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. “சுவரைச் சுத்தம் பண்றேன் அண்ணே” என்றால் யாரும் வேண்டாம் என்பதில்லை.

இன்னொன்று, பசையைப் பூச்சி அரிக்காமலிருக்க ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் கலப்பது உண்டு. அது விஷம். கையுறை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் கை கழுவுங்கள், குழந்தைகளை ஊறவைத்த வாளி பக்கம் விடாதீர்கள். வாளியில் ஒரு மணி நேரம் ஊறினால் அடுக்குகள் தானாகப் பிரியும், பிரிந்ததை நிழலில் துணிமேல் பரப்புங்கள். ஃபிளெக்ஸ் பேனர் வேண்டாம், அது பிளாஸ்டிக், பசையும் குடிக்காது, உப்புத்தாளுக்கும் மசியாது.

5. பலகையும் பசையும்

பிளைவுட் கடையில் துண்டுப் பலகை கேளுங்கள், 6 மில்லிமீட்டர் போதும், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஆரம்பத்துக்கு நல்ல அளவு. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவு, ஆனால் கடலோர ஈரத்தில் ஓரம் உப்பிவிடும். சார்ட் அட்டையில் செய்யவே கூடாது, மூன்றாவது அடுக்கிலேயே அப்பளமாகச் சுருண்டுகொள்ளும். பலகையின் முன்பக்கம் தாள் ஏற ஏற அது காயும்போது பலகையைத் தன் பக்கம் இழுக்கும், அதனால் பின்பக்கமும் இரண்டு அடுக்குத் தாள் ஒட்டிவிடுங்கள், இரண்டு பக்கமும் இழுத்து நேராக நிற்கும். ஒட்டுவதற்கு முன் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு பக்கமும் ஒருமுறை பூசிக் காயவிட வேண்டும்.

மைதா பசை: ஒரு கப் மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து கப் தண்ணீர் வருமளவு சேர்த்து, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை போய்ப் பசபசவென்று கண்ணாடியாக வரும். நம் வெயிலில் மறுநாளே புளித்துவிடும், அளவாகச் செய்யுங்கள். மைதா பசையில் ஒட்டியதை நனைத்துத் திரும்பப் பிரிக்கலாம், ஃபெவிகாலில் ஒட்டியது ஒட்டியதுதான். அதனால் கீழ் அடுக்குகளுக்கு ஃபெவிகால், கிழித்து விளையாடப்போகும் மேல் அடுக்குகளுக்கு மைதா என்று பிரித்துக்கொண்டால் வேலை எளிது.

6. கிழிக்கப் பழகுங்கள்

ஒரு நாள் முழுக்கக் கிழிக்க மட்டும் செய்யுங்கள். செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழித்தால் அளவுகோல் வைத்ததுபோல நேராக வரும், குறுக்கே கிழித்தால் பல்லுப் பல்லாக எங்கெங்கோ போகும். மெஷினில் செய்த தாளின் இழைகள் ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால் அப்படி. எந்தத் தாளானாலும் முதலில் ஒரு மூலையைக் கிழித்து இழை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள், நனைந்தால் அது இழைக்குக் குறுக்காகத்தான் விரியும், சுருக்கம் விழுவதும் அதனால்தான். பசை தடவி ஒரு நிமிடம் விட்டு, விரிய வேண்டியது விரிந்தபின் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தால் சுருக்கம் பாதிக்குப் பாதி குறையும்.

பளபளப்பான தாளைக் கிழிக்கும்போது ஒரு துண்டில் மட்டும் வெள்ளை ஓரம் தெரியும். கையை மாற்றிக் கிழித்தால் அது மற்ற துண்டுக்குப் போகும். அந்த வெள்ளை ஓரம்தான் உங்கள் கோடு. பேனாவே எடுக்காமல் ஒரு முகத்தின் மூக்கை அந்த ஓரத்தால் வரைந்துவிடலாம், ஷகீலா வழியில் போகிறவர்கள் இந்தப் படியிலேயே நிறைய நாள் தங்கலாம்.

மை ஓடுமா என்று ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். ஆஃப்செட் மை ஓடாது, வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட் ஓடும்.

7. அடுக்கு, நூல், இழுப்பு, தேய்ப்பு

பிராட்ஃபோர்டின் படங்கள் அவர் நகரத்தின் வரைபடம் போலத் தோன்றும் என்றேன். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி, நம் பழைய நகரம் வரைபடத்திலேயே கோலம் போட்டதுபோல இருக்கிறது. அண்ணா சாலை, எஸ்.வி. பட்டேல் சாலை, சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை என்று முட்டை வடிவில் ஒரு வளையம், உள்ளே நேர்நேரான தெருக்கள், நடுவில் தெற்கு வடக்காகப் பெரிய வாய்க்கால். கடலூர்க்காரர்கள் கெடிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் மஞ்சக்குப்பம், மறுபக்கம் திருப்பாதிரிப்புலியூர், இடையே வளைந்து போகும் ஆறு. நேர்த்தெருக்களைவிட அந்த ஒற்றை வளைவு இன்னும் நல்ல படம் தரும், சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

வெளிர் நிறத் தாளாக இரண்டு அடுக்கு ஒட்டிக் காயவிடுங்கள். அதன்மேல் சணல் கயிறோ தடித்த பருத்தி நூலோ, தெருக்களின் கோட்டில் படுக்கவையுங்கள். வாய்க்காலுக்கு மட்டும் தடித்த கயிறு. ஒவ்வொரு நூலின் நுனியும் பலகைக்கு வெளியே நாலு விரல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பிறகு பிடித்து இழுக்க. அதன்மேல் மைதா பசையில் நான்கைந்து அடுக்கு: முதலில் அடர் நிறம், பிறகு எழுத்து நிறைந்த தாள், மறுபடி வெளிர், கடைசியில் உங்களிடம் இருப்பதிலேயே மோசமான தாள். எந்த அடுக்கில் என்ன நிறம் என்று நோட்டில் குறித்துவையுங்கள், தேய்க்கும்போது எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

பசை முக்கால் காய்ந்ததும் நூலை இழுங்கள். ஈரமாக இருந்தால் தாள் கூழாக வரும், முழுக்கக் காய்ந்திருந்தால் நூல் அறும். தொட்டால் குளிர்ச்சியாக, ஆனால் விரலில் ஒட்டாமல் இருக்கும் நேரம்தான் சரி, மார்கழி ஈரத்தில் அதற்கு ஒரு நாளே ஆகலாம், சித்திரையில் மத்தியானத்துக்குள் ஆகிவிடும். மேலே தூக்கி இழுக்காமல் பலகையை ஒட்டிச் சாய்வாக இழுத்தால், நூல் மேல் அடுக்குகளைப் பிளந்துகொண்டு வரும், பிளந்த இரண்டு உதடுகளுக்கு நடுவே அடியில் வைத்த நிறம் கோடாகத் தெரியும். சில இடத்தில் கிழியாமல் நூல் உருவிக்கொண்டு வந்துவிடும், அங்கே வெறும் மேடு மட்டும் நிற்கும். அதைச் சரிசெய்யப் போகாதீர்கள், எல்லாத் தெருவும் ஒரே மாதிரி திறந்திருந்தால் அது டவுன் பிளானிங் ஆபீஸ் வரைபடம்.

இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டுத் தேய்ப்பு. 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 120, கடைசியில் 220. மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் மேடுகள் மட்டும் தேயும், விரலால் தேய்த்தால் பள்ளமும் தேயும், இரண்டும் வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் போங்கள். அந்த எழுத்து அடுக்கு வரும்போது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், ஒரு ‘ழ’வின் வாலோ பாதி எண்ணோ தெரிந்தால் போதும், முழு வார்த்தை தெரிந்துவிட்டால் பார்ப்பவர் படிக்க ஆரம்பித்துவிடுவார், பார்க்கமாட்டார். தூசு மூக்கில் ஏறும், முகக்கவசம் கட்டாயம், மொட்டை மாடி உத்தமம்.

பிளீச்சிங் பவுடர் கரைசல் தொட்டு வெளுக்கவைப்பதையும் அவரைப் பார்த்துச் செய்யலாம், திறந்த இடத்தில், கையுறையோடு, வேறு எந்தத் திரவத்தோடும் கலக்காமல். ஆனால் முதல் படைப்பில் தேவையில்லை.

8. எப்போது நிறுத்துவது

பலகையைத் தலைகீழாக, பக்கவாட்டில் என்று திருப்பிச் சுவரில் சாய்த்துவிட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டே போகிற வருகிறபோது பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் கண் போய் நிற்கிற இடம் ஒன்று இருந்தால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா இடமும் ஒரே சத்தமாக இருந்தால், நான்கில் ஒரு பகுதிக்கு ஒரே வெளிர் தாளை ஒட்டி மூடுங்கள். மனசு அடித்துக்கொள்ளும், மூடுங்கள். வேண்டுமானால் அதையும் தேய்க்கலாம்.

இப்போது பிராட்ஃபோர்டின் படத்தைத் திரும்பத் திறந்து பக்கத்தில் வையுங்கள். உங்களுடையது அவருடையதைப் போலவே இருந்தால் தாள் விஷயத்தில் நீங்கள் மூன்றாம் படியை வேகமாகத் தாண்டிவிட்டீர்கள், திரும்பப் போங்கள். இணையத்தில் போடும்போது யாரைப் பார்த்துச் செய்தது என்று ஒரு வரி எழுதிவிடுவது நாகரிகம்.

9. கடல் காற்றிலிருந்து காப்பது

மைதா என்றால் ராமபாணப் பூச்சிக்குக் கல்யாணச் சாப்பாடு. கரப்பானும் வரும். துத்தம் கலக்காமல் இதைச் சமாளிக்க, வேலை முடிந்து நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் கலந்த ஃபெவிகாலையோ மேட் வார்னிஷையோ மெல்லியதாக இரண்டு கோட்டிங், ஓரங்களிலும் பின்பக்கமும் விடாமல். கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்வதாக இருந்தால் தாளைக் கண்ணாடி தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், தொட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். கடலைப் பார்த்த சுவரிலும், மழைக்கு ஓதம் ஏறும் சுவரிலும் மாட்ட வேண்டாம். நேர் வெயில் விழும் இடமும் கூடாது, போஸ்டரின் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளிறும்.

பலகையின் பின்பக்கம் பென்சிலால், எந்தத் தாள் எந்தத் தெருவில், எந்த மாதம் எடுத்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த பலகைக்குத் தாள் தேடக் கிளம்பும்போது எந்தச் சுவரில் நல்ல பாளம் கிடைத்தது என்று பார்க்க அது உதவும்.